வீட்டில் கட்டிய காரின் முன்கண்ணாடியும் வைப்பரும்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை அடித்து ஊற்றும். மறுநாள் காலையில் என் வீட்டுப் பின்புறக் கொட்டகைக்கு யாராவது வண்டியோடு வந்துவிடுவார்கள். நான் செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய சுசுகி ஜிம்னியின் சேஸிஸ் (அடிச்சட்டம்) மீது தகடு வளைத்து எனக்கென்று ஒரு வண்டி கட்டினேன். அதன் கண்ணாடிச் சட்டம், வைப்பர் கையைத் திருப்பும் தண்டு, அந்தத் தண்டு உள்ளே சுழலும் புஷ் என்ற வளையம், மோட்டாரையும் தண்டையும் சேர்க்கும் இணைப்புக் கம்பி எல்லாமே கையால் செய்தவை. அதனாலேயே எல்லாமே ஒரு முறையாவது கெட்டும் போயின. அந்த அனுபவம்தான் இங்கே இருக்கிறது.

வருகிறவர்களில் பலர் கையில் ஒரு மோட்டாருடன்தான் வருவார்கள். "அண்ணே, மோட்டார் போய்விட்டது, இதை மாட்டித் தாருங்கள்" என்பார்கள். மோட்டார் உண்மையிலேயே போயிருப்பது அரிது. மோட்டார் தொழிற்சாலையில் செய்தது. மற்றதெல்லாம் நாம் செய்தது. சந்தேகத்தை முதலில் நம் கைவேலை மீது வைக்க வேண்டும்.

கை வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்; ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் திரும்ப மாட்டுங்கள். இணைப்புக் கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவில் விரல் மாட்டினால் அந்தச் சிறிய மோட்டார் இரக்கம் காட்டாது. என் இடது ஆள்காட்டி விரல் நகம் இன்னும் கோணலாகத்தான் வளர்கிறது. கழற்றுகிற நட்டுகளைப் போட்டுவைக்கப் பழைய பால் மங்கு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

## வைப்பர் துள்ளித் துள்ளி ஓடுகிறது

முதலில் கண்ணாடியைக் கழுவுங்கள். சிரிக்க வேண்டாம். செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஓடிய வண்டியின் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கும் செம்மண் புழுதியும் சேர்ந்து ஒரு படலமாகப் படிந்திருக்கும். வெறும் தண்ணீருக்கு அது அசையாது. பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் கழுவி, பிளேடு ரப்பரின் விளிம்பையும் ஈரத்துணியால் இழுத்துத் துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சில வண்டிகள் இந்த இடத்திலேயே குணமாகித் திரும்பிப் போயிருக்கின்றன.

### ஒரு பக்கம் போகும்போது மட்டும் துள்ளினால்

வைப்பர் கை முறுக்கிக்கொண்டிருக்கிறது. வேறு வண்டியின் கையை எடுத்து, வெட்டி, ஒட்டவைத்தவர்களுக்கு இது நிச்சயம் வரும். பிளேடின் ரப்பர் உதடு, போகிற திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து இழுபட வேண்டும். திரும்பும்போது மறுபக்கம் புரள வேண்டும். கை முறுக்கியிருந்தால் உதடு ஒரு பக்கம் புரண்டு, மறுபக்கம் புரள முடியாமல் கண்ணாடியைக் குத்திக்கொண்டே போகும். அதுதான் துள்ளல்.

வைப்பரைக் கண்ணாடியின் நடுவில் கொண்டுவந்து சாவியை அணைத்துவிடுங்கள். பிளேடைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி மீது ஒரு துணியை மடித்துப் போடுங்கள். கை தவறி அடித்தால் கண்ணாடி போய்விடும். கையின் நுனியில் பிளேடு மாட்டும் தட்டையான பகுதி இருக்கிறதல்லவா, அதன் மேல் ஒரு சிறிய இரும்பு அளவுகோலைக் குறுக்காக வைத்துப் பிடியுங்கள். அளவுகோலின் இரு முனைகளும் கண்ணாடியிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு முனை தாழ்ந்திருந்தால் இரண்டு ஸ்பேனர்களை எடுங்கள். ஒன்றால் கையைத் தண்டுப் பக்கமாக அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நுனிப் பக்கத்தை மெதுவாகத் திருகுங்கள். ஒரே ஸ்பேனரால் திருகினால் அந்தப் பாரம் முழுவதும் தண்டின் பற்களிலும் புஷ்ஷிலும் விழும். சிறிது திருகுங்கள், அளந்து பாருங்கள், மறுபடியும் திருகுங்கள். அவசரப்பட்டு ஒரே மூச்சில் திருகிய இளைஞர் ஒருவரின் வைப்பர், அதுவரை துள்ளிய பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் துள்ள ஆரம்பித்தது.

### இரண்டு பக்கமும் துள்ளினால்

ரப்பர் விளிம்பை விரலால் மடக்கிப் பாருங்கள். வெயிலில் நிற்கும் வண்டியில் அது விறைத்துப்போயிருக்கும். மாற்றுவதற்கு அதிகச் செலவில்லை.

ரப்பர் நன்றாக இருந்தால், கையின் அழுத்தத்தை அளக்க வேண்டும். சந்தையில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசு போதும். பிளேடு மாட்டும் இடத்தில் கொக்கியைப் போட்டு நேராகத் தூக்குங்கள்; ரப்பர் கண்ணாடியை விட்டு எழும் அந்த நொடியில் தராசு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 16 அங்குலப் பிளேடுக்கு நான் 450 முதல் 600 கிராம் வரை வைக்கிறேன். அதற்குக் கீழே போனால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. மிகவும் மேலே போனால் ரப்பர் கிறீச்சிடும், மோட்டாரும் திணறும்.

அதுவும் சரியாக இருந்தால் கையின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். தண்டு அதன் குழலுக்குள் ஆடுகிறதா? அப்படியானால் புஷ் தேய்ந்துவிட்டது, அல்லது ஆரம்பத்திலேயே பெரிதாகத் துளைத்துவிட்டீர்கள்.

கடைசியாகத் தண்டின் சாய்வு. தட்டையான கண்ணாடி என்றால் தண்டு அதற்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். பிளேடைக் கழற்றி, வீச்சின் இரு கோடியிலும் கையின் நுனிக்கும் கண்ணாடிக்கும் உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தண்டு சாய்ந்திருக்கிறது. தண்டின் குழலுக்கு அடியில் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த வாஷர் ஒன்றை அராவிச் செய்து போட்டு நேராக்கலாம். குழலை வெட்டி மறுபடியும் வெல்டிங் செய்ய வேண்டாம். சூட்டில் குழல் கோணினால் தண்டு உள்ளேயே இறுகிவிடும்.

## நடுவில் ஒரு பட்டையைத் துடைக்காமல் விட்டுப் போகிறது

தட்டையான கண்ணாடியில் இப்போதைய வளைந்த, சட்டமில்லாத பிளேடை மாட்டியிருப்பீர்கள். அந்தப் பிளேடு வளைந்த கண்ணாடிக்காக வளைத்துச் செய்யப்பட்டது. கையின் அழுத்தம் போதாதபோது அதன் இரு நுனிகளும் கண்ணாடியைத் தொடும், நடுப்பகுதி தூக்கி நிற்கும். பழைய வகை, இரும்புச் சட்டத்தில் பல இடங்களில் பிடித்திருக்கும் பிளேடை வாங்கி மாட்டுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

## வீச்சு சரியில்லை

### கைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டால், அல்லது சட்டத்தில் முட்டினால்

தண்டின் நுனியில் உள்ள பற்களில் கை நழுவியிருக்கலாம். மார்க்கர் பேனாவால் தண்டுக்கும் கைக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிட்டு, ஈரக் கண்ணாடியில் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். கோடு பிரிந்திருந்தால் நட்டை இறுக்கிப் பாருங்கள். இறுக்கியும் பிரிந்தால் பற்கள் மழுங்கிவிட்டன. லேத்தில் நாமே செய்த தண்டில் மென்மையான இரும்பைப் போட்டிருந்தால் இது சீக்கிரமே வரும். பழைய உதிரிப்பாகக் கடையில் ஒரு வண்டியின் தண்டும் கையும் ஜோடியாகக் கிடைத்தால் அதை வாங்கி, தண்டின் அடிப்பகுதியை மட்டும் நம் அளவுக்கு மாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பற்களை நீங்களே வெட்ட முயல வேண்டாம்.

### வீச்சு குறைவாக இருந்தால்

மோட்டார் ஓடும்போது அதைத் தாங்கும் தகட்டின் மீது கை வையுங்கள். தகடு மூச்சு விடுவது போல ஏறி இறங்கினால், மோட்டாரின் உழைப்பில் ஒரு பகுதி அந்தத் தகட்டை வளைப்பதிலேயே போகிறது. மெல்லிய பாடித் தகட்டில் நேராக மோட்டாரைத் தொங்கவிட்ட வண்டிகளில் இதுதான் காரணம். 3 மில்லிமீட்டர் தகட்டில் முக்கோணத் தாங்கியோடு ஓர் அடித்தளம் செய்து வையுங்கள்.

தகடு அசையவில்லை என்றால் அளவைப் பாருங்கள். மோட்டாரோடு சுற்றும் குட்டைக் கையான கிராங்க் மையத்திலிருந்து 40 மில்லிமீட்டரும், தண்டைத் திருப்பும் நெம்பான லிவர் 55 மில்லிமீட்டரும் இருந்தால் வீச்சு ஏறக்குறைய 93 பாகை வரும். லிவரைச் சுருக்கினால் வீச்சு கூடும். ஆனால் லிவரின் நீளம் கிராங்கின் நீளத்தை நெருங்க நெருங்க, கோடியில் இணைப்புக் கம்பியும் லிவரும் ஒரே நேர்கோட்டுக்குப் போய் உதறும், ஒரு நாள் அப்படியே சிக்கிக்கொள்ளும். 110 பாகைக்கு மேல் ஆசைப்படாதீர்கள். அப்போதும் கண்ணாடி முழுவதும் துடைபடவில்லை என்றால் தண்டுகளை வைத்த இடமே தவறு.

## வைப்பர் மெதுவாக ஓடுகிறது, நடுவழியில் நின்றுவிடுகிறது

இந்தக் கோளாறுக்குத்தான் அதிகமான நல்ல மோட்டார்கள் குப்பைக்குப் போகின்றன. செமோர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி மூன்றாவது மோட்டாரோடு வந்தார். வண்டியின் முன்பகுதி முழுவதும் ஃபைபர். மோட்டாரை ஃபைபர் மீது போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். "எர்த் எங்கே தம்பி?" என்றேன். மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பிப் போகும் வழிதான் எர்த். "பாடியில்தான், மாமா" என்றார். ஃபைபரில் மின்சாரம் ஓடாது. ஏதோ ஓர் இடத்தில் வைப்பர் தண்டின் குழல் ஓர் இரும்புப் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்ததால்தான் அந்த மோட்டார் அவ்வளவாவது ஓடியது.

### முதலில் மீட்டர்

கண்ணாடியை நனைத்து, வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் உலோக உடம்பிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மோட்டாரிலிருந்து சேஸிஸுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றைத் தனியாக இழுங்கள். போல்ட் போடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். அந்தத் தம்பியின் வண்டிக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு வயர்தான். மூன்று மோட்டார்களும் நன்றாகவே ஓடின.

எர்த் சரியாக இருந்தால் பாசிட்டிவ் பக்கம். பேட்டரியின் பாசிட்டிவுக்கும் மோட்டாருக்கு வரும் வயருக்கும் நடுவில் 0.5 வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால், மெல்லிய வயரோ கருகிய சுவிட்சோ வழியில் இருக்கிறது.

### மின்சாரம் சரியாக வந்தும் மெதுவாக ஓடினால்

இணைப்புக் கம்பியை மோட்டாரிலிருந்து கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். விறுவிறுவென்று சுற்றினால் மோட்டார் மீது குற்றமில்லை. ஒவ்வொரு தண்டையும் விரலால் திருப்பிப் பாருங்கள். இரண்டு விரல்களுக்கு அது வழிவிட வேண்டும்.

இங்கே நைலானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆலையில் மிஞ்சிய நைலான் உருளையைக் கடைந்து புஷ் செய்வது நம் ஊரில் வழக்கம், நானும் செய்தேன். வெயில் காலத்தில் வெண்ணெய் போலச் சுற்றியது. மழைக்காலம் வந்ததும் தண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நைலான் ஈரத்தை உறிஞ்சிப் பெருக்கும். வைப்பர் தேவைப்படுவதோ மழையில்தான்! பித்தளையில் கடையுங்கள், தண்டுக்கும் புஷ்ஷுக்கும் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை இடைவெளி விடுங்கள். மேல்முனையில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்று போடக் காடி வெட்டுங்கள். ஓ-ரிங் இல்லாவிட்டால் தண்டு வழியாகத் தண்ணீர் இறங்கி, மோட்டார் உண்மையிலேயே போகும் நாளும் வந்துவிடும்.

மோட்டார் தனியாக ஓடும்போதும் முனகினால், சூடேறிக் கருகல் வாடை வந்தால், அப்போது புது மோட்டார் வாங்குங்கள்.

## அணைத்தால் தன் இடத்திற்குப் போய்ப் படுப்பதில்லை

எப்போதும் ஒரே தவறான இடத்தில் நின்றால்: கைகளைக் கழற்றுங்கள், மோட்டாரை ஓட்டி அணையுங்கள், அது தானாக நின்ற பிறகு கைகளைச் சரியான இடத்தில் மாட்டுங்கள். செலவில்லை.

அணைத்த இடத்திலேயே நின்றால்: மோட்டாருக்குள் இருக்கும் நிறுத்தச் சுவிட்சுக்கு, வைப்பர் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் சாவி வழியாக மின்சாரம் வந்துகொண்டிருக்க வேண்டும். அந்த வயரை நீங்கள் இணைக்கவே இல்லை. டெஸ்ட் விளக்கை வைத்துப் பாருங்கள்.

நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் மறுபடியும் ஒரு சுற்று சுற்றினால்: கடையில் கிடைக்கும் சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்சைப் போட்டிருக்கிறீர்கள். வண்டியோடு வரும் சுவிட்ச் அணைந்த நிலையில் இன்னொரு வேலையும் செய்கிறது. மோட்டாரின் மெதுவேக வயரை நிறுத்தச் சுவிட்சோடு இணைக்கிறது. கை தன் இடத்தை அடைந்ததும் அந்த வயர் எர்த்தாகி, மோட்டார் பிரேக் போட்டது போல நிற்கிறது. சாதாரணச் சுவிட்சில் அந்தப் பிரேக் கிடையாது. மோட்டார் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதே வண்டியின் சுவிட்சையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பியூஸ் போனால்: அந்த இடத்தில் மின்சாரம் வரும் வயரும் எர்த்தும் சுவிட்ச் வழியாக நேரடியாகத் தொடுகின்றன. பெரிய பியூஸ் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள், வயர் எரியும். வயரின் நிறத்தை நம்பி ஊகிப்பதும் வேண்டாம், நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வயரிங் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டிய இடம் இது.

## கண்ணாடி தானாக விரிகிறது

விரிசல் எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். நட்சத்திரம் போல ஒரு புள்ளியிலிருந்து கிளம்பினால் கல் அடித்திருக்கிறது. உங்கள் வேலையில் பிழையில்லை. அடிபட்ட தடம் எதுவும் தெரியாமல் விளிம்பிலிருந்து ஓடிவந்தால் தொடர்ந்து படியுங்கள்.

### விளிம்பில் பொக்கை இருந்தால்

விரிசல் தொடங்கும் இடத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். வெட்டிய விளிம்பைத் தேய்க்காமல் விட்டிருந்தால், அரிசிக் குருணை அளவில் பொக்கைகள் இருக்கும். விரிசல் அங்கிருந்துதான் பிறக்கிறது. கண்ணாடிக் கடையில் வெட்டும்போதே நான்கு விளிம்பையும் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். தவுக்கே (கடை முதலாளி) முகம் சுளிப்பார், கூடக் கொஞ்சம் கேட்பார், கொடுத்துவிடுங்கள்.

### விளிம்பு சுத்தமாக இருந்தால்

சட்டம் முறுக்கியிருக்கிறது. கண்ணாடி வளையாது, ஆகவே விரிகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நூல் போதும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சட்டத்தின் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். இரண்டும் சந்திக்கும் நடுவில் ஒன்றையொன்று மெல்லத் தொட வேண்டும். பிறகு மேலே இருந்த நூலைக் கீழே கொண்டுவந்து மறுபடியும் பாருங்கள். ஒரு முறை இடைவெளியும் மறுமுறை உரசலும் தெரிந்தால் சட்டம் முறுக்கியிருக்கிறது. நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் ஏதோ ஒரு மூலை 4 மில்லிமீட்டர் விலகி நிற்கிறது என்று பொருள்.

நூல்கள் சரியாகத் தொட்டாலும் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். ஒரு முன்சக்கரத்தை ஓர் அடி உயரத்துக்கு ஏதாவது பலகை மீது ஏற்றி நிறுத்தி, நூலை மறுபடியும் பாருங்கள். சமதளத்தில் நேராக இருந்த என் சட்டம், தோட்டத்துச் சாலையின் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கியபோது முறுக்கிக்கொண்டது. இரண்டு கண்ணாடிகளை இழந்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. அப்படியானால் சட்டத்தைப் பாடியில் நான்கு இடத்தில் இறுக்கக் கூடாது. கீழே ரப்பர் மெத்தை கொடுத்து உட்காரவைக்க வேண்டும்.

சட்டம் நேரான பிறகும் கண்ணாடிக்கும் இரும்புக்கும் சுற்றிலும் 5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், அடியில் இரண்டு ரப்பர் கட்டைகள் வேண்டும். முதலில் ஒட்டுப்பலகையில் ஒரு மாதிரி வெட்டி வைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

### எந்தக் கண்ணாடி?

இரண்டு தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட் கண்ணாடி மட்டும்தான். உறுதி ஏற்றிய டெம்பர்டு கண்ணாடியை வெட்டவே முடியாது. வெட்டுக்கோடு போட்டதும் பொடிப்பொடியாக உதிரும். கையில் இருப்பது எது என்று சந்தேகமாக இருந்தால் போலராய்டு கறுப்புக்கண்ணாடி போட்டுப் பாருங்கள். டெம்பர்டில் கருமையான புள்ளிகளோ பட்டைகளோ தெரியும். வீட்டு ஜன்னலுக்கு விற்கும் 6.38 மில்லிமீட்டர் லேமினேட்டில் படலம் 0.38தான், கார் முன்கண்ணாடியில் வழக்கமாக 0.76. சாலையில் ஓட்டும் வண்டிக்கு, மூலையில் 43ஆர் என்ற பாதுகாப்புக் குறி பொறித்த கண்ணாடியை வாங்கி, அந்த மூலை பிழைக்கும்படி வெட்டச் சொல்லுங்கள். வெட்டுவது கடைக்காரர் வேலை. நான் இரும்பில் நாற்பது ஆண்டு வேலை செய்தவன், கண்ணாடி வெட்டியைத் தொடுவதில்லை.

## மழையில் தண்ணீர் உள்ளே வருகிறது

தண்ணீர் சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. உள்ளே ஒருவர் டார்ச்சுடன் உட்காரட்டும். வெளியே குழாய்த் தண்ணீரை அழுத்தமில்லாமல், சட்டத்தின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஓர் இடத்தில் மூன்று நிமிடம் வீதம் விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் முழுக் கண்ணாடியும் நனைந்து எதுவும் தெரியாமல் போகும்.

ரப்பர் பட்டையின் இணைப்பில் பிளவு இருந்தால், மாட்டும்போது இழுத்து மாட்டியிருக்கிறீர்கள். ரப்பர் பிறகு சுருங்கித் தன் நீளத்துக்குத் திரும்பியது. சுற்றளவைவிட 10 முதல் 15 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, இரு முனைகளையும் நெருக்கித் தள்ளி மாட்டுங்கள். இணைப்பை நான் மேல் நடுவில் வைப்பேன். கீழே வைத்தால் நாள் முழுதும் தண்ணீரில் ஊறும்.

புளிக்காடி வாடை அடிக்கும் சிலிக்கானை ஓட்டையில் பிதுக்கி அடைக்காதீர்கள். அந்த அமிலம் பெயின்ட் போன இரும்பைத் துருவேற்றும். பிறகு நல்ல யூரித்தேன் பசையைப் போட நினைத்தால், சிலிக்கான் பட்ட இடத்தில் அது ஒட்டாது. யூரித்தேனால் ஒட்டிய கண்ணாடியாக இருந்து, ஓரத்தில் கறுப்புப் பட்டை இல்லாவிட்டால், வெயில் கண்ணாடி வழியாகப் பசையைத் தின்றுகொண்டிருக்கும். கறுப்புப் பிரைமர் அடிக்க வேண்டும்.

ரப்பரைத் தூக்கிப் பார்த்துச் சட்டத்தின் ஓரத் தகடு துருவில் உதிர்ந்தால், அது ஒழுக்குப் பிரச்சினை அல்ல. கண்ணாடியை இறக்கி, தகட்டை வெட்டி, புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். பாடி வேலை செய்யும் பட்டறைக்கு அனுப்புங்கள்.

## பிளாஸ்டிக் கண்ணாடி கீறி மங்கிவிட்டது

பாலிகார்பனேட் உடையாது, எளிதில் அறுக்கலாம் என்று ஆசைப்பட்டு நானும் ஒரு முறை போட்டேன். செம்மண் புழுதி மீது வைப்பர் ஒரு வாரம் ஓடியதும், எதிரே வரும் விளக்கெல்லாம் பனிமூட்டமாகத் தெரிந்தது. பெட்ரோலும் தின்னரும் பட்டால் வெளுக்கிறது. மெருகேற்றிப் பார்ப்பது வீண், கழற்றிவிடுங்கள். வண்டியின் கட்டமைப்பை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும், சோதனையில் கண்ணாடியையும் பார்ப்பார்கள். வேலையைத் தொடங்கும் முன்பே போய்க் கேட்டுவிடுவது நல்லது. மேலே கறுப்புத் தாள் ஒட்டி மறைக்கவும் வழியில்லை: முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது விதி.

என் பாலிகார்பனேட் தகடு இப்போது கோழிக்கூண்டுக்கு முன்னால் நிற்கிறது. சாரலை நன்றாகத்தான் தடுக்கிறது.